தொக்கி நிற்பவன்

நீண்ட பதிவு, பொறுமை உள்ளவர்கள் வாசிக்கவும். கடந்த செப்டம்பரில் நான் எழுதிய நான்கு பக்க அறிக்கை ஒன்றைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதுகிறேன். அந்த அறிக்கை எந்த ஆய்விதழிலும் வெளிவரவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மட்டுமே வெளியானது. அதில் நான் மதிப்பிட்டிருந்தது என் தம்பியை.

தம்பி என்றால் சித்தி மகன். மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரிக் கபடி அணியில் அவன் இடது கார்னர். அந்தக் கார்னர் என்னும் சொல்லை அறியாதவர்களுக்காக ஒரு வரி: ஏழு பேர் வளைந்து நிற்கும் தற்காப்பு வரிசையின் இரு கோடிகளில் நிற்பவர்கள் கார்னர்கள். பாடி வருபவரின் கணுக்காலைக் கவ்வுவது பெரும்பாலும் இவர்கள் பணி. போனஸ் கோட்டைத் தாண்ட நீளும் காலுக்குக் காவலும் இவர்களே.

செப்டம்பர் மாதத்தில் ஒரே வாரத்தில் அவனுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, மத்திய அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் பணி; சான்றிதழ் சரிபார்ப்பும் களத் தேர்வும் அக்டோபர் இறுதியில் டெல்லியில். மற்றொன்று அவனுடைய மாஸ்டர் வாய்மொழியாகச் சொன்னது: ஆறு மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன்னோடு பயிற்சி முகாமில் தங்கினால், தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு, உறுதி சொல்வதற்கில்லை. சித்தி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “நீதான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற. எதையும் ஆராய்ஞ்சு பாப்பேன்னு சொல்லுவியே. இவன் தேறுவானா மாட்டானான்னு பாத்துச் சொல்லும்மா. நீ சொல்றதுதான் முடிவு.”

டெல்டாவின் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இது வீண் கனவைப் பற்றிய கேள்வி அன்று. புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. அதன் ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் ஒரு பிடியாளர்: 2018இல் ஈரான் நாட்டு இடது கார்னர் ஃபசல் அத்ரசாலி. 2023இல் அதே நாட்டின் முகமதுரேசா ஷாட்லூயி 2.35 கோடிக்குப் போனார். அவருடைய வலிமையும் முதன்மையாகப் பிடிப்பதில்தான். ஏலத்தின் கடைசிப் பிரிவில் இருப்பவருக்குக்கூட அடிப்படை விலை 9 லட்சம். சித்தப்பாவின் நிலத்தில் எத்தனை போகம் விளைந்தால் அந்தத் தொகை கைக்கு வரும் என்ற கணக்கு அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒப்புக்கொண்டேன். மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பெருமையாக இருந்தது.

லக்ஷ்மிபாய் நகரில் மாமாவுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில் தங்கித்தான் ஆய்வு செய்கிறேன். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று எங்கள் நகரிலேயே இருப்பதால், காலையில் தமிழ் காதில் விழாமல் வெளியே போக முடியாது. முன்னறையின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, தம்பியின் நண்பர்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய ஆறு போட்டிகளின் காணொளிகளை இரண்டு வாரம் பார்த்தேன். நான்கு போட்டிகள் கல்லூரிகளுக்கு இடையே மேட்டில் நடந்தவை. இரண்டு, ஊர்த்திருவிழாவில் இரவு விளக்கொளியில் மண்ணில் நடந்தவை.

எப்படி மதிப்பிடுவது என்று தெரியாததால் அமெரிக்காவைப் பார்த்தேன். கல்லூரியில் விளையாடும் ஒரு தற்காப்பாளரைத் தொழில்முறைக்குத் தகுதியா என்று எடைபோடுவதை அமெரிக்கக் கால்பந்து உலகத்தைப் போல் விரிவான நிறுவன ஏற்பாடாக ஆக்கியவர்கள் வேறு எவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அங்கே 32 அணிகள் உள்ளன. ஏழு சுற்றுகளாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்குமுன் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு வாரம் உடல் அளவெடுப்பு நடக்கும். தற்காப்பின் முன்வரிசையில் நிற்கும் பேருடல்காரர்களுக்குக் கையின் நீளம், உள்ளங்கையின் அகலம், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்கினார், 40 கஜத்தை எத்தனை நொடியில் ஓடினார் என்பனவெல்லாம் குறிக்கப்படும். முன்வரிசைக்காரர் ஓர் ஆட்டத்தில் 40 கஜம் நேராக ஓட நேர்வது அரிது. ஆகவே கூர்ந்து பார்ப்பவர்கள் முதல் 10 கஜத்தின் நேரத்தைத் தனியே எடுத்துக்கொள்வார்கள். அங்கேதான் அவருடைய உண்மையான தொழில் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் ஒரு பெயர் மீண்டும் மீண்டும் வந்தது: ஆரன் டொனால்ட். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் முன்வரிசைக்காரர். 2013இல் கல்லூரித் தற்காப்பாளர்களுக்கான முதன்மை விருதுகள் பலவற்றை வென்றிருந்தார். 40 கஜத்தை 4.68 நொடியில் ஓடினார். உயரம் மட்டும் ஆறடிக்கு ஓர் அங்குலம் மேல். அந்த இடத்தில் நிற்பவருக்கு அது குறைவு என்பது வழக்கமான எண்ணம். 2014இல் அவரை எடுப்பதற்கு முன் பன்னிரண்டு பேர் எடுக்கப்பட்டுவிட்டார்கள். பதின்மூன்றாவதாகப் போன அவர் பின்னர் மும்முறை அந்த லீக்கின் சிறந்த தற்காப்பாளர் ஆனார். 2022இல் கோப்பையையும் வென்றார்.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் செய்தது என்ன? தம்பியின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் என்பதை அறிக்கையின் முதல் வரியில் எழுதினேன்.

அடுத்து விரிதாள். எதிரணி பாடி வந்த ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரிசை, மொத்தம் 238. முடிவுக் கட்டத்தில் நான்கு குறிகள்: ‘தொட்டார்’, ‘பிடிபட்டார்’, ‘போனஸ்’, ‘ஒன்றுமில்லை’. தம்பி பிடிக்க முயன்றவை 31, பிடித்தவை 13. வெற்றி 42 விழுக்காடு. போட்டிக்குச் சராசரி இரண்டு பிடிகளுக்குச் சற்று மேல். அதே அணியின் வலது கார்னர் ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு பிடித்திருந்தான். அவனுக்கு ஒரு முகாமிலிருந்து ஏற்கெனவே அழைப்பு வந்திருந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று குறித்த வரிசைகள் 126. பகுப்பாய்வு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றை வடிகட்டி மறைத்துவிட்டேன்.

அறிக்கையின் கடைசி வரி: ‘கல்லூரி அளவில் நம்பகமான ஆட்டக்காரர், தொழில்முறைக்குப் போதாது.’

சித்தப்பா கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். தம்பி படித்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள் மட்டும் தெரிந்தன.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சொல்வதாலேயே ஒன்றைச் செய்யும் கூற்றுகளை வகைப்படுத்தும்போது தீர்ப்புக் கூற்றுகள் என்று ஒரு வகையைத் தனியே பிரித்தார். நடுவர் ‘அவுட்’ என்றால் ஆட்டக்காரர் அவுட். நடுவர் தவறாகவே சொல்லியிருந்தாலும் வெளியேறியாக வேண்டும். மதிப்பீட்டாளரின் ‘போதாது’ அப்படிப்பட்டது அன்று. அது ஒரு கருத்து, பொய்யாகவும் போகலாம். ஆனால் கேட்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது சொல்பவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எங்கள் குடும்பத்தில் நான் கருத்துச் சொல்லவில்லை, விசில் ஊதியிருக்கிறேன் என்பது எனக்குப் பல நாள் கழித்தே உறைத்தது. முகாமுக்கு வரவில்லை என்று தம்பி மாஸ்டரிடம் மறுவாரமே சொல்லிவிட்டிருந்தான்.

அக்டோபர் கடைசியில் அவன் டெல்லிக்கு வந்தான். அது கபடிக்கென்றே விடிந்தது போன்ற ஒரு மாதம். மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவிய ‘பைசன்’ திரைப்படம் தீபாவளியை ஒட்டி வெளியாகியிருந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இந்தியச் சிறுவர் அணியும் சிறுமியர் அணியும் தங்கம் வென்றிருந்தன; ஒன்றில் எங்கள் மாவட்டத்து வடுவூரின் அபினேஷ், மற்றொன்றில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா. சித்தி நாள்தோறும் அழைத்தார். “வடுவூர்ப் பையன் தங்கம் வாங்கிட்டு வந்துட்டான், பாத்தியா?” என்பார். அதன்பின் ஒன்றும் கேட்கமாட்டார்.

அவ்வாண்டு புரோ கபடியின் இறுதிப் போட்டி அக்டோபர் 31 அன்று தியாகராஜ் அரங்கில் நடந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்தே போகலாம். அரங்கின் பெயரைக் கேட்டதும் தம்பி, “நம்ம ஆரூர் சாமி பேரா?” என்றான். மாமா யாரிடமோ சொல்லி இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கித் தந்தார். தபாங் டெல்லியும் புனேரி பல்டனும் மோதின. டெல்லி அணியில் இடது மூலையில் ஃபசல் அத்ரசாலி. ஆட்டம் கடைசிவரை இழுபறியாகச் சென்று 31–28 என்று டெல்லி வென்றது. அரங்கம் அதிர்ந்தது, என் காது இரண்டு நாள் அடைத்திருந்தது.

எனக்கு நினைவில் நிற்பது தம்பி ஆட்டம் பார்த்த விதம்தான். பாடி வருபவரை அவன் அதிகம் பார்க்கவில்லை. ஃபசல் நிற்கும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரைடர் எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருக்கும்போதும் அவன் கண் இந்த மூலையைவிட்டு அகலவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். “காலப் பாருக்கா” என்றான். ரைடர் எங்கோ தொலைவில் இருக்க, ஃபசலின் பாதங்கள் அரையடி முன்னும் பின்னுமாக ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருந்தன. ரைடர் ஓர் அடி இந்தப் பக்கம் திரும்பினார், பாதங்கள் நின்றன, ரைடர் மறுபக்கமே திரும்பிப் போய்விட்டார். பலகையில் எந்த எண்ணும் மாறவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவன் முதன்முறையாக என் அறிக்கையைப் பற்றிப் பேசினான். குறைகூறும் குரல் இல்லை. ஐயம் கேட்கும் குரல்.

“அக்கா, அந்த எக்செல்ல நூத்தி இருவத்தாறு எடத்துல ‘ஒன்னுமில்ல’ன்னு போட்டு வச்சிருக்கியே. அங்கல்லாந்தானே நான் நின்னுக்கிட்டு இருந்தேன்?”

நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்பதை விளக்க, என் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் முழுமையான வாக்கியம். வினைச்சொல் இல்லை. ‘இருக்கிறார்’ என்றோ ‘ஆவார்’ என்றோ ஒன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. என் முனைவர் பட்ட ஆய்வு இத்தகைய வினையில்லா வாக்கியங்களைப் பற்றியது. ஐந்தாண்டுகளாகக் கருத்தரங்குகளில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் வாதம் ஒன்றே: ஓரிடத்தில் ஒலி இல்லை என்பதால் அங்கே இலக்கணம் இல்லை என்று ஆகாது. நம் மரபுக்கு இது புதிதும் அன்று. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. ஆயினும் அது வேற்றுமை. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ காணப்படவில்லை. ஆனால் ‘இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது’ என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். மறைந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்தாமல் ‘நிற்கிறது’ என்கிறார்கள். காணப்படாவிட்டாலும் அது தன் இடத்தில் நின்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதை வகுப்பெடுக்கும் நான், ஒன்றும் நடக்காத 126 ரெய்டுகளைச் சுழியம் என்று வடிகட்டி எறிந்திருந்தேன்.

அன்றிரவே விரிதாளைத் திறந்தேன். இம்முறை வரிசைகள் அவையே, கட்டங்கள் வேறு. பாடி வந்தவர் முதலில் எந்தப் பக்கம் திரும்பினார்? இடது மூலையை நோக்கி எத்தனை முறை காலை நீட்டினார்? ஒன்றும் ஆகாமல் திரும்பிய ரெய்டுக்கு அடுத்து வந்த ரெய்டுகளில் என்ன நடந்தது? நான்கு இரவுகள் ஆயின. அத்தை இரண்டு முறை வந்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி பக்கத்தில் அமர்ந்து, மங்கலான காணொளிகளில் யார் யார் என்று அடையாளம் சொன்னான்.

முதலில் தெரிந்தது இது. போட்டியின் முதல் பத்து நிமிடங்களில் எதிரணியினர் இரு மூலைகளுக்கும் ஏறத்தாழச் சமமாக வந்தார்கள். அதற்குள் தம்பி ஒன்றிரண்டு கணுக்கால்களைப் பிடித்திருப்பான், அல்லது பிடிக்கும் அளவுக்கு நெருங்கியிருப்பான். பிறகு அவன் பக்கம் வருவது குறைந்துகொண்டே போனது; இரண்டாம் பாதியில் மிக அரிதாயிற்று. வராதவரைப் பிடிக்க முடியாது. ஆகவே அவன் பிடிகளின் எண்ணிக்கை உயரவில்லை. வலது கார்னரிடம் ரெய்டுகள் குவிந்தன. அவன் எண்ணிக்கை உயர்ந்தது. வலது கார்னரின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, வந்ததைப் பிடிப்பதும் திறமையே. ஆனால் அவனிடம் ஏன் அத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை இடது மூலையில் இருந்தது.

இரண்டாவது, ‘டூ ஆர் டை’ ரெய்டுகள். ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாவது முறை பாடிச் செல்பவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அவுட். மூன்றாவது ரெய்டில் துணிந்து உள்ளே வருபவரை மடக்கிப் பிடிப்பது பெரும்பாலும் கவரில் நிற்பவர்கள். புள்ளி அவர்கள் கணக்கில் ஏறும். அந்த நெருக்கடியை உண்டாக்கியவை முந்தைய இரண்டு வெற்று ரெய்டுகள். போனஸுக்காக நீண்ட கால் இடது மூலையில் தயங்கித் திரும்பியது அந்த இரண்டில் எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தபோது, என் முதல் அறிக்கையின் புள்ளிக்கணக்கு யாருடைய உழைப்பை யார் பெயரில் எழுதியிருக்கிறது என்பது தெரிந்தது. அமெரிக்க முன்வரிசையிலும் இதே கதை. நடுவில் நிற்கும் பேருடல்காரர் எதிரணியின் இருவரைத் தன்மீதே கட்டிப்போட்டுவிடுவார். பின்னாலிருந்து ஓடிவரும் தோழர் தடையின்றிப் பந்தோடு வருபவரை வீழ்த்துவார். ஆட்டக் குறிப்பில் வீழ்த்தியவர் பெயர் மட்டும் இருக்கும்.

என் துறை நண்பர்கள் இப்போது கேட்கப்போகும் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன். ரைடர்கள் அவனுக்கு அஞ்சித்தான் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கு வலப்பக்கம் கைவந்ததாக இருந்திருக்கலாமே? மொழியியலில் இதற்கு நம்மிடம் ஒரு பழைய கருவி உண்டு: மற்றவற்றை மாற்றாமல் ஓர் உறுப்பை மட்டும் நீக்கிப் பார்ப்பது. கபடி இந்தச் சோதனையைத் தானே செய்துதருகிறது. அவுட் ஆனவர் வெளியே போய் அமர்கிறார். தன் அணி புள்ளி எடுக்கும்போது திரும்புகிறார். ஆகவே ஒரே போட்டியில், அதே எதிரணிக்கு முன், தம்பி களத்தில் இருக்கும் நேரமும் இல்லாத நேரமும் கிடைக்கின்றன. ஆனால் அவன் இல்லாதபோது களத்தில் ஆள் குறைவு. ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸும் கிடையாது. ஆகவே சரியாக ஆறு பேர் நிற்கும் தருணங்களை மட்டும் எடுத்து, வெளியே இருப்பது தம்பியா வேறொருவரா என்று பிரித்தேன். தம்பி வெளியே இருந்தவை பதினொரு ரெய்டுகள். அவற்றில் ஏழு இடது மூலையை நோக்கித் திரும்பின. அவன் உள்ளே நின்றபோது அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பதினொன்று மிகச் சிறிய எண். எந்த ஆய்வேட்டிலும் இதை வைத்து ஒரு முடிவு எழுத என் நெறியாளர் விடமாட்டார். ஆனால் ‘போதாது’ என்ற சொல்லை எழுதுமுன் இதையாவது பார்த்திருக்க வேண்டும்.

தம்பியைப் பற்றி நல்லதாகவே எல்லாம் முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். மூன்றாவதாகத் தெரிந்தது அவன் குறை. அதுவும் முதல் அறிக்கையில் இல்லை. தவறிய 18 பிடிகளில் பாதி, இரண்டாம் பாதியில், தன் பக்கம் வராத ரைடரைத் தானே தேடிப் போய்ப் பாய்ந்தவை. மூலையை விட்டு இறங்கி, தோழர்கள் சங்கிலியை இறுக்குமுன், தனியே தாவுகிறான். ரைடர் அவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடிவிடுகிறார். காணொளியை நிறுத்தி இதைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

“வரவே மாட்டேங்கிறானேன்னு கோவம் வந்துருதுக்கா. சும்மா நிக்கிற மாதிரி இருக்கு. பாக்குறவங்க இவன் என்ன பண்றான்னு நெனப்பாங்கள்ல?”

இந்த ஒரு பதிலுக்காகவே இப்பதிவை எழுதலாம். ஒரு மூலைக்காரன் நன்றாக ஆடினால் அவனுக்குக் கிடைக்கும் பரிசு வேலையின்மை. அந்த வேலையின்மையைத் தன் வேலையாக அவன் நம்பவில்லை. அவனை மதிப்பிடுபவர்களும் நம்பவில்லை. எண்ணிக்கையில் ஏறுவதற்காக இடத்தை விடுகிறான். இடத்தை விட்டதால் எண்ணிக்கையும் கெடுகிறது. என் 42 விழுக்காட்டின் ஒரு பகுதி, என்னைப் போன்றவர்களின் கண்ணுக்காக அவன் செய்த பிழை.

தேர்வாளர்கள் வேண்டுவது வருங்காலம். அதற்கும் நம் இலக்கணத்தில் ஓர் ஒப்புமை உண்டு. ‘வளர்பிறை’ என்பது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலமும் அதில் தொக்கி நிற்கின்றன. இருபத்திரண்டு வயதுப் பையனும் அப்படித்தான். ஆறு காணொளிகளில் நான் கண்டது இறந்தகாலம் மட்டுமே. தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதனை நினைத்துக்கொண்டேன். பிறந்தது 1975. புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு 39 வயது. 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். கார்னரில் நின்ற பிடியாளர் அவர். அவருடைய இருபத்திரண்டாவது வயதில் எந்த மதிப்பீட்டாளரும் இதை எழுதியிருக்க முடியாது; எழுதுவதற்கு அப்படியொரு லீக்கே அப்போது இல்லை.

இரண்டாவது அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அதில் தீர்ப்பு இல்லை. இடது மூலையை எதிரணியினர் தவிர்ப்பதற்கு அடையாளங்கள் உண்டு என்றும், சான்று சிறிது என்றும், இரண்டாம் பாதியில் இடத்தை விட்டு இறங்குவதே சரிசெய்ய வேண்டிய முதற்குறை என்றும், உயரத்தைப் பற்றி இந்தக் காணொளிகளை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது என்றும் எழுதினேன். தொழில்முறைக்குப் போதுமா என்ற கேள்விக்கு எதிரே, ‘இதைச் சொல்லும் தகுதி எழுதியவருக்கு இல்லை, மாஸ்டரைக் கேட்கவும்’ என்று எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று.

ஆய்வுலகில் இருக்கும் நாம் ஆண்டு முழுவதும் மதிப்பிடுகிறோம், மதிப்பிடப்படுகிறோம். ஒரு துறையில் யாருடைய கட்டுரைகள் எத்தனை என்று எண்ணும் படிவம் எல்லோருக்கும் வருகிறது. இளையவரின் முதல் வரைவை மூன்று முறை திருத்திக் கொடுத்தவர், களப்பணியில் தகவலாளியின் நம்பிக்கையை ஈட்டித் தந்தவர், தவறான தலைப்பில் ஒருவர் ஐந்தாண்டு வீணாக்காமல் தேநீர்க் கடையில் தடுத்தவர் ஆகியோருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எங்கள் துறையில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் நிற்கும் மூலையில் பிழைகள் நுழைவதில்லை. படிவத்தில் அவருக்கு எதிரே என்ன எண் இருக்கும் என்று எனக்குத் தெரியும். படிவத்தை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 13 பிடிகளும் உண்மையே, அவற்றையும் எண்ணத்தான் வேண்டும். மறைத்த வரிசைகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம் என்கிறேன்.

தம்பி களத் தேர்வில் தேறினான். பணி ஆணை இம்மாதம் வந்தது, மார்ச்சில் சேர்கிறான். முதுகலை பாதியில் நிற்கும். அஞ்சல்வழியில் தொடர்வதாகச் சொல்கிறான். துறைக்கென்று கபடி அணி உண்டு. அங்கிருந்து தொழில்முறைக்குப் போனவர்கள் உண்டு, போகாதவர்கள் அதைவிட மிகுதி. மாஸ்டரின் முகாமுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இனி யாரும் அறிய முடியாது. அந்தக் கதவை அடைத்ததில் என் நான்கு பக்கங்களுக்குப் பங்கு உண்டு. அவன் இதுவரை அதைச் சொல்லிக் காட்டவில்லை.

போன வாரம் இரண்டு வேண்டுகோள்கள் அனுப்பியிருந்தான். ஒன்று, இரண்டாவது அறிக்கையை மாஸ்டருக்கு அனுப்ப வேண்டும். ஊரில் இப்போது இடது மூலையில் நிற்கும் சின்னப் பையனுக்கு உதவும். மற்றொன்று, முதல் அறிக்கையைக் குடும்பக் குழுவிலிருந்து நீக்கிவிட முடியுமா என்பது. நான்கு மாதம் ஆகிவிட்டதால் எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் அதை நீக்க வாட்ஸாப்பில் வழியில்லை. ஆகவே அதற்கே மறுமொழியாக இரண்டாவது அறிக்கையை இட்டேன். சித்தி உடனே அழைத்தார். முழுவதும் படித்ததாகச் சொன்னார். பிறகு, “ஆமா, அவன் சின்னப் புள்ளையிலயும் அப்படித்தான். வாசல்ல அவன் ஒக்காந்திருந்தா மாடு உள்ள வராது. அப்ப யாரும் அத எழுதி வைக்கல” என்றார்.